கத்தினவரிடம் ஆறு வருஷம் இருந்தேன், சிரித்தவரிடமிருந்து விலகினேன்

முன்பு என் டீமில் இருந்த பெண் போன மாதம் ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டாள். "அக்கா, இந்த மேனேஜரோட இனி முடியாது. நாளைக்கே பேப்பர் போட்டுடட்டுமா, இல்ல தீபாவளி வரைக்கும் பல்லைக் கடிச்சுட்டு இருக்கட்டுமா?" திருப்பூரில் இந்தக் கேள்வி வாரத்துக்கு ஒருமுறையாவது யார் வாயிலிருந்தாவது வரும். அவளுக்குப் போனில் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். நான் ஒரு பக்கம் சாய்ந்துதான் பேசுவேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2010-லிருந்து நான் மெர்ச்சண்டைசர். தெரியாதவர்களுக்காக: பையரிடமிருந்து, அதாவது ஆடை வாங்குகிற கம்பெனியிடமிருந்து, ஆர்டர் வந்த நாளிலிருந்து நூல், நிட்டிங், டையிங், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று ஒவ்வொரு இடமாகத் துரத்திப் பிடித்து, பெட்டி கன்டெய்னரில் ஏறுகிற வரைக்கும் பதில் சொல்கிற ஆள். ஷேடு மாறினாலும் நாங்கள்தான், ஜிஎஸ்எம் (துணியின் கனம்) குறைந்தாலும் நாங்கள்தான், லாரி பஞ்சரானாலும் நாங்கள்தான்.

மேலே இருப்பவர் சரியில்லை என்றால் மூன்று வழி இருக்கிறது. உடனே விலகுவது, பொறுத்துப்போவது, தேதி குறித்து வைத்துக்கொண்டு விலகுவது. உள்ளேயே வேறு டீமுக்கு மாறுவது நான்காவது வழி என்பார்கள். அது பெரிய கம்பெனிக்காரர்களுக்கு. எங்களைப் போல ஒரே மாடியில் ஐந்து மெர்ச்சண்டைசர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் டீம் மாறினால் நாற்காலி மட்டும்தான் மாறும். அனுபவம் இல்லாத விஷயம், அதனால் அதை இத்தோடு விடுகிறேன்.

பொறுத்துப்போவது எல்லா இடத்திலும் முட்டாள்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். என் நாத்தனார் பொதுத்துறை வங்கியில் வேலை பார்க்கிறாள். அவளுக்கும் ஒரு மேனேஜர் வாய்த்தார். லீவ் கேட்டால் முகத்தைப் பார்க்காமலே 'பார்க்கலாம்' என்பாராம். அவள் அலட்டிக்கொள்ளவே இல்லை. "அண்ணி, அவரு வந்து ரெண்டரை வருஷம் ஆச்சு. எப்படியும் டிரான்ஸ்பர் வந்துடும்" என்றாள். சொன்னபடியே வந்தது. அவள் கணக்கு சரி, ஏனென்றால் அங்கே நகரப்போவது மேனேஜர். எங்கள் ஊர்க் கம்பெனியில் மேலே இருப்பவர் முதலாளியாக இருப்பார், இல்லையென்றால் முதலாளியின் மச்சானாக இருப்பார். மச்சானுக்கு ஏது டிரான்ஸ்பர்? பொறுப்பதென்று முடிவு செய்தால் எவ்வளவு நாள் என்று தெரிந்துகொண்டு பொறுக்க வேண்டும்.

என் முதல் முதலாளியிடம் நான் பொறுத்தேன், ஆறு வருஷம். காலையில் அவர் கார் கேட்டுக்குள் நுழைந்தாலே செக்கிங் டேபிளில் பேச்சு நின்றுவிடும். ஒரு தடவை போலோ டி-ஷர்ட்டின் காலர் அலை அலையாக வந்திருந்தது. துணியைச் சுருட்டி என் மேஜைமேல் எறிந்து, "இதை உங்க வீட்டு ஆளுக்குப் போட்டுவுடுவியா?" என்று முப்பது பேர் முன்னால் கேட்டார். பாத்ரூமில் போய் அழுதேன். அந்தக் காலத்தில் என்னைக் கேட்டிருந்தால், உலகத்திலேயே மோசமான மனிதர் இவர்தான் என்றிருப்பேன்.

ஆனால் அதே ஆள்தான் 2011 ஜனவரி கடைசியில் ஹைகோர்ட் உத்தரவால் திருப்பூர் டையிங் யூனிட்டுகள் மூடப்பட்டபோது, சாயமேறாத கிரே துணியை எங்கே கொண்டுபோய்ச் சாயம் ஏற்றுவது என்று ஊரே அலைந்துகொண்டிருந்த நேரத்தில், பையருக்காக ஆர்டரைக் கவனிக்கிற பையிங் ஹவுஸுக்குப் போனைப் போட்டு, "இனி இந்த ஸ்டைலுக்கு அந்தப் புள்ளகிட்டயே பேசிக்குங்க, எனக்குப் பண்ண வேண்டாம்" என்றார். எனக்கு அப்போது வேலையில் ஒரு வருஷம்கூட முடியவில்லை. போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, "தப்புப் பண்ணுனா தொலைச்சுப்புடுவேன்" என்றார். தப்பும் பண்ணினேன், தொலைத்தும் எடுத்தார். அந்த ஸ்டைல், அதாவது அந்த டிசைனுக்கான ஆர்டர், ஷிப்மென்ட் ஆனபோது பையிங் ஹவுஸில் எல்லாருக்கும் என் பெயர் தெரிந்திருந்தது.

இரண்டாவது கம்பெனியில் 2018 ஆகஸ்ட் 1 அன்று சேர்ந்தேன். மூன்று வருஷம் நன்றாகவே போனது. 2021-ல் புதிதாக ஒரு ஜெனரல் மேனேஜர் வந்தார். வாங்க, போங்க என்றுதான் பேசுவார். "டீ ஆச்சுங்களா?" என்று கேட்காமல் வேலையைப் பற்றி ஆரம்பிக்க மாட்டார். குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. வந்த இரண்டாவது மாதம், "உங்களுக்கு லோடு ஜாஸ்தி, பையர் மெயிலெல்லாம் என் வழியா போகட்டும்" என்றார். அக்கறையாகத்தான் பேசுகிறார் என்று நானும் தலையாட்டினேன்.

ஒரு நேவி ப்ளூ ஆர்டர். லேப் டிப், அதாவது பையர் நிறம் பார்த்துச் சொல்வதற்கான சாயத் துண்டு, ஏ, பி, சி என்று மூன்று ஷேடு வெட்டி, அட்டையில் ஒட்டி, கூரியர் போட்டிருந்தோம். 'பி ஓகே' என்று பையர் பதில் போட்டது செவ்வாய்க்கிழமை. அது எனக்கு வந்து சேர்ந்தது வெள்ளிக்கிழமை மதியம். அதற்குள் டையிங்கில் எங்களுக்காக ஒதுக்கியிருந்த மிஷின் வேறு பார்ட்டிக்குப் போய்விட்டது. "ஏனுங் மேடம், புதன்கிழமை சொல்லியிருந்தீங்கன்னா ஏத்தியிருப்பனுங்க" என்றார் டையிங்காரர். அந்த மூன்று நாள் நீண்டு நீண்டு ஒன்பது நாளாகி, கடைசியில் 1,200 பீஸ் கப்பலுக்குப் பதில் விமானத்தில் போனது. ஏர் செலவு கம்பெனி தலையில். திங்கட்கிழமை மீட்டிங்கில் அவர் முதலாளியிடம் புன்னகை மாறாமல் சொன்னார்: "மெர்ச்சண்டைசிங் சைடுல ஃபாலோ-அப் கொஞ்சம் பத்தலைங்க சார்."

இதற்குக்கூட நான் விலகவில்லை. ஆத்திரம் வந்தது, வீட்டில் இரண்டு நாள் புலம்பினேன், அவ்வளவுதான்.

விலக வைத்தது ஒரு இன்டர்வியூ. தெரிந்த ஒருவர் வற்புறுத்தியதால், 2022 கடைசியில் சும்மா ஒரு கம்பெனிக்குப் போய் உட்கார்ந்தேன். எதிரில் இருந்தவர் என் பயோடேட்டாவைப் புரட்டக்கூட இல்லை. "கடைசி ரெண்டு வருஷத்துல ஆர்டர்ல இருந்து ஷிப்மென்ட் வரைக்கும் நீங்களே பையர்கிட்ட பேசி முடிச்ச ஸ்டைல் ஒண்ணு சொல்லுங்க" என்றார். வாய் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. 2019-ல் செய்ததைச் சொன்னேன். அவர், "அது சரிங்க, அதுக்கப்புறம்?" என்றார்.

வீட்டுக்கு வந்து அனுப்பிய மெயில்களை எண்ணிப் பார்த்தேன். 2019-ல் அதே பையருக்கு ஒரு ஸ்டைலுக்கு நாற்பதுக்கு மேல் மெயில் போட்டிருக்கிறேன். 2022-ல் நான்கு. மற்றதெல்லாம் அவருக்கு நான் எழுதியவை. வாக்கியம்கூட மாற்றாமல் அவர் பெயரில் பையருக்குப் போயிருந்தன.

மெர்ச்சண்டைசருக்கு மார்க்கெட்டில் ரேட் வைப்பது டிகிரியைப் பார்த்து இல்லை. எந்த பையரை நேரில் கையாண்டாள், பிரச்சினை வந்தபோது யாரிடம் பேசி எப்படி முடித்தாள், இவ்வளவுதான் கேட்பார்கள். அந்த ரேட் கத்துகிறவரிடம் எனக்கு வருஷா வருஷம் ஏறியது, சிரிக்கிறவரிடம் சத்தமில்லாமல் இறங்கியது. இன்னும் இரண்டு வருஷம் அங்கேயே இருந்திருந்தால், வெளியே போக நினைத்தாலும் பாதிச் சம்பளத்துக்குத்தான் கூப்பிட்டிருப்பார்கள். திட்டு வாங்கினால் ராத்திரி தூக்கம் கெடும், காலையில் சரியாகிவிடும். கைவேலை மறந்துபோனால் அது தெரியவே இரண்டு வருஷம் ஆகிறது. அதனால் இப்போது யார் கேட்டாலும் நான் முதலில் கேட்கிற கேள்வி இதுதான்: அவரிடம் சேர்ந்த பிறகு, நீயே பார்க்கிற வேலை கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா?

சரி, விலகுவதென்று ஆகிவிட்டால் உடனேயா, தேதி வைத்தா? உடனே விலகிய அனுபவம் எனக்கில்லை. கண்ணால் பார்த்தது ஒன்றுதான். எங்கள் பக்கத்து சீட்டுக்காரர் மதியச் சாப்பாட்டுக்குப் போனவர் திரும்பி வரவேயில்லை. அந்த மாதச் சம்பளம் நின்றது. ரிலீவிங் லெட்டர் கொடுக்கவில்லை. புதிதாகப் போன இடத்தில் அதைக் கேட்க, மூன்று மாதம் இழுத்தது. நான் தேதி வைத்துப் போனதற்கு அது ஒரு காரணம். இன்னொரு காரணம் கிராஜுவிட்டி, வேலையை விட்டுப் போகும்போது கம்பெனி தர வேண்டிய பணிக்கொடை.

அப்போது நடைமுறையில் இருந்த 1972-ஆம் வருடச் சட்டப்படி ஐந்து வருஷம் தொடர்ந்து வேலை பார்த்திருக்க வேண்டும். கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி இரண்டையும் கூட்டி, 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, எத்தனை வருஷமோ அதனால் பெருக்கினால் தொகை. என் அடிப்படை 22,000. அப்படியானால் ஐந்து வருஷத்துக்கு ஏறக்குறைய 63,460 ரூபாய். நான்கு வருஷம் முடித்து ஐந்தாவது வருஷத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தாலே போதும் என்று சென்னை ஹைகோர்ட் தீர்ப்பு இருக்கிறது. அதை வைத்துச் சில மாதம் முன்னாடியே கிளம்பியிருக்கலாம். எங்கள் ஆபீஸில் 'முழுசா அஞ்சு வருஷம்' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போக எனக்குத் தெம்பில்லை, முழு ஐந்தையும் முடித்தேன். 2025 நவம்பர் 21-லிருந்து புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறையில் இருக்கின்றன. குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வருஷமே போதும். நிரந்தர ஆட்களுக்குப் பழைய ஐந்து வருஷம்தான்.

2023 ஜூன் மூன்றாம் தேதி, புது ஆபர் கையில் வந்த பிறகு, இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்தேன். அந்த இரண்டு மாதம்தான் மொத்தத்தில் சுகமான காலம் என்றால் நம்புவீர்களா? அவர் எதை மறைத்தாலும் எனக்குக் கவலை இல்லை. கையில் இருந்த ஸ்டைல்களின் லேப் டிப், பிபி சாம்பிள் (தையல் தொடங்குமுன் ஒப்புதலுக்கு அனுப்புவது), அப்ரூவல் மெயில் எல்லாவற்றையும் தேதிவாரியாக ஃபைல் போட்டு, அடுத்து வருகிற பெண்ணிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படைத்தேன். ஷிப்மென்ட் பாக்கி என்று சொல்லி ரிலீவிங் லெட்டரை இழுத்தடிக்க அவர்களுக்கு வழி இருக்கவில்லை. பிஎஃப்-க்கு மட்டும், வெளியேறிய தேதியைக் கம்பெனி பதிவு செய்யவேயில்லை. கடைசியாகப் பணம் கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து, இணையத்தில் நாமே அந்தத் தேதியைப் போட்டுக்கொள்ளலாம். போட்டு, புதுக் கணக்குக்கு மாற்றினேன். பணத்தை எடுக்கவில்லை.

நட்டமும் உண்டு. ஆகஸ்டில் கிளம்பியதால் தீபாவளி போனஸ் போயிற்று. அதுவே ஒரு மாதச் சம்பளம். எங்கள் வீட்டுக்காரர் இன்றைக்கும் அதைச் சொல்லிக்காட்டுவார். போனில் கேட்ட பெண்ணுக்குத் தீபாவளி வரைக்கும் இரு என்று சொன்னதில் அந்த எரிச்சலும் கொஞ்சம் கலந்திருக்கிறது.

இந்தக் கணக்கெல்லாம் ஒத்துவராத இரண்டு இடம் இருக்கிறது. ஒன்று, உடம்பு. காலையில் ஆபீஸ் பஸ்ஸைப் பார்த்தாலே நெஞ்சு படபடக்கிறது, மாதக்கணக்கில் தூக்கமில்லை என்கிற நிலையில் 63,000 ரூபாய்க்காக உட்காராதீர்கள். எனக்கு அந்த அளவுக்குப் போகவில்லை, அதனால் அதைப் பற்றி மேலே பேச எனக்குத் தகுதியில்லை. இரண்டாவது, கை நீளுகிற, வாய் நீளுகிற மேலாளர். அதற்கு வேலையிடத்துப் பாலியல் தொல்லையைத் தடுக்கிற 2013-ஆம் வருடச் சட்டம் இருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் உள் புகார்க் குழு இருந்தாக வேண்டும், சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும்.

அந்தப் பெண்ணிடம் அவள் மேலாளர் எப்படிப்பட்டவர் என்று கேட்டேன். "கத்துவாரு அக்கா. ஆனா பையரோட போன் கால்ல என்னையத்தான் பேசச் சொல்வாரு" என்றாள். "அப்படின்னா தீபாவளி முடியட்டும், அப்புறம் பேசலாம்" என்றேன். திருப்தியில்லாமல்தான் போனை வைத்தாள்.

இப்போது நான் இருக்கும் இடத்து முதலாளியும் கத்துகிற ரகம்தான். போன வியாழக்கிழமை 180 ஜிஎஸ்எம் வர வேண்டிய துணி 168-ல் வந்து நின்றது. அரை மணி நேரம் காது கிழிந்தது. முடித்துவிட்டு, "பையர்கிட்ட நீயே பேசிக்க" என்று கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் ஆறரைக்கு மெயில் போட்டேன். பதில் என் பெயருக்கு வந்தது. துணியை ரிஜெக்ட் செய்திருந்தார்கள்.