பழைய தேக்கு அலமாரிகளின் மேல் புதிய கிரானைட்: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

காரைக்குடியில் உள்ள எங்கள் பூர்விக வீட்டின் அடுப்படியில், மேடையின் கடப்பாக் கல்லை எடுத்துவிட்டுக் கறுப்பு கிரானைட் பதித்துச் சில ஆண்டுகள் ஆகின்றன. கீழே இருந்த தேக்குக் கதவுகளையும் தட்டுகளையும் அப்படியே வைத்துக்கொண்டோம்.

கல்லை மாற்ற வைத்தது புளிதான். கடப்பா சுண்ணாம்புச் சத்து மிகுந்த கல்லாதலால், புளிக்கரைசலோ எலுமிச்சைச் சாறோ பட்ட இடத்தில் அரித்து, மெருகு போய், வெளுத்த திட்டாகிவிடும். எவ்வளவு துடைத்தாலும் அது போகாது. வளவில், அதாவது உள்முற்றத்தைச் சுற்றிய பகுதியில், பதித்திருக்கும் பளிங்குக்கும் இதே குணம் உண்டு. ஆத்தங்குடிக் கல்லைச் சிலர் சொன்னார்கள். நடக்க நடக்கப் பளபளக்கும் அந்தக் கல் தரைக்கு உரியது, சிமெண்டால் ஆனதால் புளி சிந்தும் மேடைக்கு ஆகாது. குவார்ட்ஸ் எனப்படும் செயற்கைக் கல்லில் கறை எளிதில் ஏறாது என்பது உண்மை. ஆனால் கற்பொடியைப் பிணைத்திருப்பது பிசின் என்பதால், கொதிக்கும் பணியாரச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி நேரே வைக்கும் வீட்டுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

20 மில்லிமீட்டர் கிரானைட் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 54 கிலோ இருக்கும். பழைய மரம் இதைத் தாங்குமா என்று பலரும் கேட்கிறார்கள். எங்கள் மேடையில் பாரம் முழுவதும் இடையிடையே நிற்கும் கல் தடுப்புகளில்தான் இறங்குகிறது. கதவுகளுக்கு அதில் பங்கில்லை. கறையான் இல்லை, சிங்க்கின் அடிமரம் உளுக்கவில்லை என்று பார்த்த ஆசாரி, "இந்தக் கதவு இன்னொரு தலைமுறைக்கு வரும் ஆச்சி" என்றார். பழைய கல் இதைவிடத் தடிப்பானது. குறைந்த உயரத்தைக் கொத்தனார் அடியில் கலவை போட்டு ஈடு செய்ததால் சுவர் டைல்களில் கைவைக்க நேரவில்லை.

இத்தனை நாள் புழங்கியதில் நான் பெரிதும் மதிப்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு வேலையை. கல்லின் முன்விளிம்பு கதவைவிட ஓர் அங்குலம் வெளியே நீட்டியிருக்கிறது. அதன் அடிப்பக்கத்தில் நீளவாக்கில் ஒரு காடி (ஒடுங்கிய பள்ளம்) வெட்டச் சொன்னோம். மேடையில் வழியும் தண்ணீர் அந்தக் காடியோடு நின்று கீழே சொட்டிவிடுகிறது, மரத்துக்குப் போவதில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் கதவுகள் உப்பி இறுகவில்லை.

குறையும் உண்டு. எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு கறுப்புக் கல்லில் வெள்ளையாகப் படிகிறது. இரவில் ஈரத்தை உலரத் துடைத்தால்தான் தங்காமலிருக்கும். ஆசிட் ஊற்றித் தேய்க்கக் கூடாது, அது இணைப்புகளைக் கெடுக்கும். சிங்க்கைச் சுற்றிய சிலிக்கான் கறுத்துப்போனதால் சுரண்டி எடுத்துப் புதிதாக வைத்தோம். வெட்டு விழும் இடத்தில் கல் பலவீனப்படுகிறது என்பதால், கிரானைட் பலகைகளின் இணைப்பை சிங்க்குக்கு அருகில் வரவிடாதீர்கள். சிங்க்கை வாங்கிக் கையில் கொடுத்த பிறகே வெட்டும் அளவை எடுக்கச் சொல்லுங்கள்.