இணைப்பை மாற்றிக்கொள்வதா, தானாக வரவிடுவதா?

கிளிநொச்சியில் அரிசி ஆலை நடத்துபவரும் முல்லைத்தீவில் கருவாடு விற்பவரும் தங்கள் இணையத்தளங்களில் ஒருவருக்கொருவர் இணைப்புக் கொடுத்தால் கூகுள் தண்டிக்குமா? ஓரிரண்டு என்றால் இல்லை. அரிசி வாங்க வருபவருக்குக் கருவாடும் தேவைப்படும்தானே. தேடலில் மேலே வருவதற்காகவே அளவுமீறி மாற்றிக்கொள்வதைத்தான் அதன் விதிகள் ஸ்பாம் என்கின்றன. 2012இல் வந்த பென்குயின் என்ற கூகுளின் தேடல் வடிகட்டி அப்படிப்பட்ட தளங்களைக் கீழே தள்ளியது; 2016 முதல் பெரும்பாலும் அந்த இணைப்புகளைக் கணக்கில் எடுப்பதில்லை. பாடுபட்டதுதான் மிச்சம்.

கேளாமல் வரும் ஒருவழி இணைப்பு வேறு. இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் விளையும் நெல்லைப் பற்றி ஆலைக்காரர் விபரமாக எழுதிவைத்தால், விவசாய மாணவர் யாராவது அதற்கு இணைப்புக் கொடுப்பார். மெதுவாகத்தான் வரும், ஆனாலும் என் ஓட்டு அதற்கே. காசு கொடுத்து வாங்கிய இணைப்பென்றால் நிரலில் ‘ஸ்பொன்சர்ட்’ (rel="sponsored") என்று குறித்துவிடுங்கள்.