அல்லோபுரினால்: பல வருஷம் போட்டுப் பார்த்ததில்

கடலூர் முதுநகரில், யூரிக் ஆசிட்டை ஏற்றும் மத்தியும் நெத்திலியும் இல்லாத வாரம் கிடையாது. கால் பெருவிரலில் வந்த கவுட்டுக்காக (gout, யூரிக் ஆசிட் படிகம் மூட்டில் சேர்ந்து வரும் வலி) அல்லோபுரினால் மாத்திரை போட ஆரம்பித்துப் பல வருஷம் ஆகிறது. 100 மில்லிகிராமில் தொடங்கி, ரத்தப் பரிசோதனை பார்த்துப் பார்த்து டாக்டர் 300க்கு ஏற்றினார். யூரிக் ஆசிட் இப்போது 6க்குக் கீழே நிற்கிறது. முதல் சில மாதம் வலி கூடுதலாகவே வந்தது. பழைய படிகம் கரையும்போது அப்படித்தான் என்று, அந்த வலியை அடக்கும் கொல்கிசினும் சேர்த்துக் கொடுத்தார். பலர் மாத்திரையை விட்டுவிடுவது அந்த நேரத்தில்தான். விட்டுவிடாதீர்கள்.

இது வேலை செய்யும் விதம் அத்தனை அழகு. உடம்பின் செல்களிலும் உணவிலும் இருக்கும் பியூரின் என்ற பொருள் சிதைந்து வரும் ஹைப்போசாந்தீனை, சாந்தீன் ஆக்சிடேஸ் என்ற நொதி முதலில் சாந்தீனாகவும் பிறகு யூரிக் அமிலமாகவும் மாற்றும். அல்லோபுரினாலும் ஏறக்குறைய ஹைப்போசாந்தீன்தான். ஒரு நைட்ரஜனும் ஒரு கார்பனும் இடம் மாறியிருக்கும், அவ்வளவே. நொதி அதையும் எடுத்து ஆக்சிபுரினால் ஆக்குகிறது. அந்த ஆக்சிபுரினால் வெளியேறாமல், நொதியில் வினை நடக்கும் இடத்திலுள்ள மாலிப்டினம் என்ற உலோகத்தை இறுகப் பிடித்துக்கொள்கிறது. அதோடு நொதியின் வேலை நிற்கிறது.

பியூரின் தயாரிப்பின் தொடக்கத்தில் உடம்பே வைத்திருக்கும் கட்டுப்பாடு வேறு ரகம். அங்கே பிஆர்பிபி என்ற மூலப்பொருளை எடுத்து வேலையைத் தொடங்கும் பிஆர்பிபி அமிடோடிரான்ஸ்ஃபெரேஸ் என்ற நொதி இருக்கிறது. அந்தத் தயாரிப்பின் கடைசியில் வரும் ஏஎம்பி, ஜிஎம்பி மிகுந்தால் அவை அந்த நொதியில் ஒட்டி, அதன் சிறு அலகுகளைப் பெரிதாகச் சேர்த்து வேகத்தைக் குறைக்கும். பிஆர்பிபி மிகுந்தால் அலகுகள் பிரிந்து வேகம் கூடும். இதுதான் அல்லோஸ்டெரிக் கட்டுப்பாடு: நொதியின் உருவம் மாறுகிறது, வேலை ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும்.

படிக்கிற பிள்ளைகள் நொதித் தடுப்பு, அல்லோஸ்டெரிக் கட்டுப்பாடு இரண்டையும் எதிரெதிரே அட்டவணை போட்டுப் படிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வேலை குறைந்ததா என்பது ஒரு கேள்வி, எந்த வழியில் குறைந்தது என்பது வேறு கேள்வி. ஏஎம்பி செய்வதும் தடுப்புதான், அல்லோஸ்டெரிக் வழியில். என் மாத்திரை செய்வதும் தடுப்புதான், வினை நடக்கும் இடத்திலேயே.

யூரிக் அமிலம் எவ்வளவு ஏறினாலும் பியூரின் தயாரிப்பைத் தொடங்கும் அந்த முதல் நொதியை அடக்காது. மாத்திரையை நிறுத்தினால் அளவு மறுபடி ஏறுவதைத் தடுக்க உடம்பில் ஆள் இல்லை.

தோலில் தடிப்பு வந்தால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள். நோயெதிர்ப்பை அடக்கும் அசத்தியோபிரின் எடுப்பவர்கள் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அது உடம்பில் மெர்காப்டோபியூரினாக மாறும். அதைச் சிதைப்பதும் இதே சாந்தீன் ஆக்சிடேஸ்தான்; நொதி நின்றால் அது உடம்பில் தேங்கிவிடும். மருந்து ஆராய்ச்சியாளர்களான கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் அல்லோபுரினாலைக் கையில் எடுத்ததே, ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுத்த மெர்காப்டோபியூரின் சிதையாமல் நிற்கட்டும் என்றுதான். கவுட்டுக்கு அது 1966இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.