407-க்குப் பவுடரா, பெயிண்டா?

அப்பா ஓட்டிய டாடா 407, கேரள எல்லையில் உள்ள புளியரை செக்போஸ்ட் தாண்டிப் புனலூர் வரை காய்கறி ஏற்றிப்போன வண்டி. அதை மறுபடி ரோட்டில் இறக்கணும் என்று போன வருஷம் நட்டு நட்டாகக் கழற்றினேன். மேல்பூச்சுக்கு மூன்று வழி இருந்தது: வீட்டிலேயே பவுடர் கோட்டிங் (பூச்சுப் பவுடரை மின்சாரத்தால் ஒட்டவைத்து, அடுப்புச் சூட்டில் உருக்கி இறுகவைப்பது), பட்டறையில் கொடுத்துப் பவுடர், ஹார்டனர் என்னும் இறுகவைக்கும் திரவம் கலந்து அடிக்கும் பி.யூ. (பாலியூரித்தேன்) பெயிண்ட். மூன்றையும் இந்த ஒரே வண்டியில் செய்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் இதைத் தீர்மானிப்பது சாரல். ஆனி, ஆடியில் காலையில் வெள்ளையாகத் தேய்த்து வைத்த இரும்பு சாயங்காலம் செவந்துவிடும். அந்தத் துருவுக்கு மேல் எதைப் பூசினாலும் நிற்காது. நான் கொடுத்த ஒரு பட்டறையில் சாண்ட் பிளாஸ்ட் (மணலைப் பீய்ச்சித் துருவெடுப்பது) முடிந்த பாகங்கள் இரண்டு நாள் வரிசையில் கிடந்தன. ஆறு மாசத்தில் பம்பர் பிராக்கெட்டின் ஓரத்தில் நகத்தை விட்டால் பவுடர் அப்பளம் மாதிரி பெயர்ந்து வந்தது. வீட்டில் அந்தத் தாமதம் இல்லை. தேய்த்து, தின்னரில் துடைத்து, ஒரு மணி நேரத்துக்குள் பவுடர் அடித்துவிடலாம்.

அதனால் பெடல், பேட்டரி ட்ரே, கண்ணாடி பிராக்கெட் போன்ற சின்னச் சாமான்களுக்கு என் ஓட்டு வீட்டு அவனுக்குத்தான் (oven, சூட்டடுப்பு). கேக் சுடும் பழைய கரண்ட் அவன் (ஓ.டி.ஜி.) ஒன்று போதும், ஆனால் அதில் அப்புறம் சோறு சூடாக்கக்கூடவே கூடாது. கேஸ் அவன் பக்கமே போகாதீர்கள். காற்றில் பறக்கும் பவுடர் தீயைக் கண்டால் வெடிக்கும். பாகத்தைத் தொங்கவிடும் கொக்கிக்கு எர்த் சரியாக இருந்தால்தான் பவுடர் ஒட்டும். 180 டிகிரி என்றால் 15 நிமிஷம், 200 என்றால் 10 என்பது பொதுக்கணக்கு. பவுடருக்குப் பவுடர் மாறும். அந்த நேரம் இரும்பு அந்தச் சூட்டை எட்டியதிலிருந்து ஓடணும், அவன் எட்டியதிலிருந்து அல்ல. சூடு பார்க்கும் லேசர் துப்பாக்கியைப் பளபளப்பான வெற்று இரும்பில் காட்டினால் குறைத்துக் காட்டும், பவுடர் ஏறிய இடத்தில் காட்டுங்கள்.

வார்ப்பு இரும்பில்தான் கண் கலங்கியது. ஒரு பிராக்கெட்டை எடுத்துப் பார்த்தால் முழுக்க ஊசித் துளை. பல வருஷம் குடித்த எண்ணெய் உள்ளிருந்து ஆவியாகி, பவுடர் உருகும்போது குமிழி விட்டிருக்கிறது. மறுமுறை பவுடர் இல்லாமல் 220-இல் அரைமணி வெறுமனே சுட்டு, ஆறவைத்துத் துடைத்து அடித்தேன். வழுவழுவென்று வந்தது.

ரிம்முக்குப் பட்டறைதான். 16 அங்குல ரிம் வீட்டு அவனில் நுழையாது. ஏழு தொட்டி வைத்து எண்ணெய், துரு எடுத்து, பூச்சு நன்றாகப் பிடிக்க பாஸ்பேட் படலம் ஏற்றும் பட்டறையாகப் பாருங்கள். அந்தக் கழுவலை வீட்டில் செய்ய முடியாது. நேரில் போய்த் தொட்டிகளில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே கொடுங்கள். பாலியெஸ்டர் பவுடர் என்று சொல்லிக் கேளுங்கள். எபாக்ஸி பவுடர் வெயிலில் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துவிடும். நட்டு உட்காரும் முகத்தை டேப் போட்டு மறைக்கச் சொல்லணும். அங்கே பவுடர் ஏறினால் ஓட ஓட நசுங்கி நட்டு லூசாகும்.

சேசிஸுக்கு (வண்டியின் அடிச்சட்டம்) எபாக்ஸி பிரைமர் என்னும் அடிப்பூச்சின் மேல் பி.யூ. பெயிண்ட். நாளைக்கு ஒரு கிராஸ் மெம்பரில் (குறுக்குச் சட்டம்) வெல்டிங் வைத்தால் பெயிண்டைத் தேய்த்து அந்த இடத்தை மட்டும் தொட்டுவிடலாம், பவுடரில் அது நடக்காது. ஆனால் ஹார்டனரில் ஐசோசயனேட் என்னும் நுரையீரலைக் கெடுக்கும் ரசாயனம் இருக்கிறது, துணி மாஸ்க் அதைத் தடுக்காது. எங்கள் பெயிண்டர் அண்ணாச்சி இருபது வருஷம் கர்ச்சீப் கட்டி அடித்தவர், இப்போது மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறார். அவருக்குச் சுத்தக் காற்றுக் குழாய் வைத்த முகமூடி வாங்கிக் கொடுத்த பிறகே பெயிண்ட் துப்பாக்கியைத் தொடவிட்டேன்.

அடிக்கும் முன் சேசிஸ் நம்பர் மேல் அவரே டேப் ஒட்டினார். எஃப்.சி.க்கு (வண்டித் தகுதிச் சான்று) போகும்போது பென்சில் தேய்த்து அந்த நம்பரை எடுக்கணுமே.