சூடேறாத ஆயில் ஹீட்டர்: பழுது பார்ப்பதா, வேறு வாங்குவதா?

மூணாறு, தேவிகுளம் வட்டாரத்து வீடுகளில் டிசம்பர், ஜனவரி குளிரில் ஆயில் ஹீட்டர் சூடேறாமல் போனால், அதைப் பழுது பார்ப்பதா, ஒதுக்கிவிட்டு ஃபேன் ஹீட்டரோ குவார்ட்ஸ் ஹீட்டரோ வாங்குவதா என்ற கேள்வி உடனே எழுகிறது. கோளாறு எங்கே என்று தெரிவதற்கு முன் இவற்றை ஒப்பிட்டுப் பயனில்லை என்பது என் உறுதியான கருத்து. குறை ஹீட்டரில் இல்லாமல், அதற்கு வந்து சேரும் மின்சாரத்திலேயே இருக்கலாம்.

230 வோல்ட்டில் 2000 வாட் தரும் ஹீட்டர், 180 வோல்ட்டில் ஏறத்தாழ 1225 வாட்தான் தரும். வோல்டேஜ் ஐந்தில் ஒரு பங்கு இறங்கினாலே சூட்டில் ஐந்தில் இரண்டு பங்கு போய்விடுகிறது. காயில் வைத்த எந்தப் புதிய ஹீட்டருக்கும் இதே கதிதான். ஆகையால் எலெக்ட்ரீஷியனை அழைத்து, ஹீட்டர் ஓடும்போதும் நிறுத்தியிருக்கும்போதும் பிளக் பாயின்ட்டில் வோல்டேஜை அளக்கச் சொல்லுங்கள். இரண்டு வேளையும் குறைவாக இருந்தால் லைனிலேயே குறை. ஓடும்போது மட்டும் வெகுவாக இறங்கினால், வீட்டு வயரிங்கிலோ பிளக் பாயின்ட்டின் இணைப்பிலோ தளர்வு இருக்கிறது என்று சந்தேகிக்கலாம். 2000 வாட் ஹீட்டர் 9 ஆம்பியருக்கும் சற்றுக் குறைவாக இழுக்கும். அதை 16 ஆம்பியர் பாயின்ட்டில்தான் மாட்ட வேண்டும். 6 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டினால் பாக்ஸே உருகித் தீப்பிடிக்கக்கூடும்.

வோல்டேஜ் சரியாக இருந்தால், செலவில்லாத காரணங்களை முதலில் பார்க்கலாம். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் காயாத துணிகளை ஹீட்டர்மேல் போர்த்துவது பல வீடுகளில் வழக்கம். அப்படிப் போர்த்தினால் வெப்பம் வெளியேற வழியின்றி உள்ளேயே தேங்க, பாதுகாப்பு கட்-ஆஃப் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். தரை சமமாக இல்லாவிட்டால், சாய்ந்தால் அணைக்கும் ஸ்விட்ச் ஹீட்டரை ஓடவிடாது. உள்ளே இருக்கும் எண்ணெய் எரிந்து தீர்வதில்லை. அதை நிரப்ப வேண்டும் என்று யாராவது பணம் கேட்டால் நம்ப வேண்டாம்.

சூட்டின் அளவைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட், ஸ்விட்ச், வயர் முனை ஆகியவை கெட்டிருந்தால் பழுது பார்ப்பதே சிக்கனம். பெரும்பாலான மாடல்களில் சிறிதும் பெரிதுமாக இரண்டு எலிமென்ட்கள், அதாவது சூடேற்றும் காயில்கள், இருக்கும். ஒன்று போனால் ஹீட்டர் முழுதாக நிற்காமல் மந்தமாகவே சூடேறும். எலிமென்ட் பெரும்பாலும் உடலோடு சேர்த்தே அடைக்கப்பட்டிருப்பதால், அது எரிந்துபோனாலும், எண்ணெய் கசிந்தாலும், அந்த ஹீட்டரை விட்டுவிடுவதுதான் சரி.

அந்த நிலைக்கு வந்த பிறகே மற்ற இரண்டின் தகுதி பேசத் தக்கது. ஃபேன் ஹீட்டர் சில நிமிடங்களிலேயே அறையைச் சூடாக்கும். ஆனால் அணைத்ததும் குளிர் திரும்பிவிடும், சத்தமும் உண்டு. குவார்ட்ஸ் ஹீட்டர் அறையின் காற்றைவிட எதிரே உட்கார்ந்திருப்பவரையே முதலில் சூடாக்குகிறது. இரண்டு ராடு கொண்ட 800 வாட் மாடல், வோல்டேஜ் தளர்ந்த எஸ்டேட் லயங்களுக்கு (தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு) பொருத்தமானது. கைக்குழந்தை உள்ள வீட்டில் அதன் செஞ்சூடான கம்பிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆயில் ஹீட்டர் முழுச் சூட்டுக்கு வர அரை மணி நேரம் வரை பிடித்தாலும், கரண்ட் போன பிறகும் சிறிது நேரம் கதகதப்பைத் தக்கவைக்கும். முதியவர் உறங்கும் மூடிய அறைக்கு இதற்கு நிகரான தேர்வு இந்த மூன்றில் வேறில்லை. கரி அடுப்பை மூடிய அறைக்குள் வைப்பதை ஒரு மாற்றாகவே எண்ணாதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, உறக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும்.

ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்றும் ஒரே அளவு வெப்பத்தைத்தான் தருகின்றன. ஆகவே பில்லைத் தீர்மானிப்பது வாட்டும் நேரமும்தான். கேரளத்தில் வீட்டு உபயோகம் மாதம் 250 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மட்டுமின்றி மொத்த யூனிட்டுக்கும் ஒரே உயர்ந்த விகிதம் விதிக்கப்படுகிறது. 2000 வாட்டில் தினமும் நான்கு மணி நேரம் இடைவிடாது ஓடினால் மாதத்துக்கு 240 யூனிட், ஹீட்டருக்கு மட்டுமே. அதே நேரத்துக்கு 800 வாட் குவார்ட்ஸ் 96 யூனிட் எடுக்கும். ஆயில் ஹீட்டரை 1000 வாட் நிலையில் வைத்தால் 120 யூனிட். கதவு ஜன்னல் இடுக்குகளை அடைத்துவிட்டால் தெர்மோஸ்டாட் இடையிடையே அணைப்பதால் அதுவும் இன்னும் குறையும்.