டஞ்ஜன் க்ராலர் கார்ல்: திரும்பத் திரும்பப் படித்த பிறகு

மாட் டின்னிமனின் ‘டஞ்ஜன் க்ராலர் கார்ல்’ நாவல் வரிசையைப் புத்தகமாகப் படித்து, அப்புறம் ஆடியோவிலும் கேட்டேன். இப்போது பிடித்த பகுதிகளுக்கு மட்டும் அடிக்கடி போய் வருகிறேன். வீடியோ கேம் விதிகளை வைத்து எழுதப்படும் இந்த மாதிரிக் கதைகளுக்கு லிட்ஆர்பிஜி என்று பெயர். அந்த வகையில் வேறு சிலவற்றைப் பாதியில் வைத்துவிட்டேன். இதை வைக்க மனம் வரவில்லை.

சியாட்டிலில் ஒரு குளிர்கால நள்ளிரவு. மரத்தில் ஏறிக்கொண்ட பூனையைப் பிடிக்க கார்ல் வெளியே வருகிறான். உடம்பில் அரை டவுசரும் தோல் ஜாக்கெட்டும், காலில் பிரிந்துபோன காதலியின் ரோஸ் கலர் க்ராக்ஸ் செருப்பு. அந்த நேரம் பார்த்து, உலகில் கூரையுள்ள கட்டடம் எல்லாம் இடிந்து மண்ணுக்குள் போய்விடுகிறது. வேற்றுக்கிரகக் கம்பெனி ஒன்று 18 தளங்கள் கொண்ட நிலவறைக்குள் மிஞ்சியவர்களை இறக்கி, அவர்கள் படும் பாட்டை அண்டம் முழுக்க ரியாலிட்டி ஷோவாக ஓட்டுகிறது. கெடு முடிவதற்குள் அடுத்த தளத்துக்கான படிக்கட்டில் இறங்கவில்லை என்றால் உயிர் போய்விடும்.

பூனையின் பெயர் பிரின்சஸ் டோனட். கண்காட்சிகளில் பரிசு வாங்கிய பெர்ஷியன். உள்ளே போனதும் ஒரு பிஸ்கட்டைத் தின்று பேச ஆரம்பித்துவிடுகிறாள். குழுவின் தலைவியும் அவள்தான். அவள் அனுப்பும் குறுஞ்செய்திகள் எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்தில், கத்துவது போலவே இருக்கும். அவளுடைய பெருமையும் கோபமும் பயமும் அத்தனை உண்மையாக எழுதப்பட்டிருப்பதால், கொஞ்ச நேரத்தில் அவள் பூனை என்பதே மறந்துபோகிறது.

முதல் வாசிப்பில் என்னைப் பிடித்து இழுத்தது நகைச்சுவைதான். ஆட்டத்தை நடத்தும் செயற்கை நுண்ணறிவு ஒவ்வொரு செயலுக்கும் அச்சீவ்மென்ட், அதாவது ‘சாதனை’, என்று அறிவிக்கும். சில சமயம் பரிசுப்பெட்டியும் வரும். கேம் ஆடியவர்களுக்கு அந்த உற்சாகக் குரல் நன்றாகத் தெரியும். இங்கே அதே உற்சாகம் ஒருவர் சாகும்போதும் வருகிறது. ஆரம்பத்தில் வரும் ஒரு பாஸ் (கேம்களில் வரும் பெரிய எதிரி), தான் சேர்த்த குப்பைக்குள்ளேயே புதைந்து கிடக்கும் ஒரு பெண். அந்தச் சண்டையில் சிரிக்க நிறைய இருக்கிறது. முடிந்ததும் நெஞ்சு கனத்துவிடுகிறது. இந்த வரிசையின் பலமே அதுதான் என்று நினைக்கிறேன். துக்கத்தை நாம் தாங்கும் அளவுக்குச் சிரிப்பு பக்கத்திலேயே நிற்கிறது.

மறுவாசிப்பில் வேறு விஷயங்கள் கண்ணில் படுகின்றன. கார்லின் அப்பாவைப் பற்றி அங்கங்கே வரும் ஓரிரு வரிகள். இரண்டாம் புத்தகத்தின் சர்க்கஸ் பகுதியில், ஆட்டத்துக்காக உருவாக்கப்பட்ட பாத்திரங்களுக்கும் வலி உண்டு என்று தெரியவரும் இடம். விதிகளிலும் ஆசிரியர் ஏமாற்றுவதில்லை. ஒரு புத்தகத்தில் கார்லின் கைக்கு வரும் வெடிகுண்டு, அடுத்தடுத்த புத்தகங்களிலும் அவனோடுதான் இருக்கிறது. வசதிக்காகக் காணாமல் போவதில்லை.

குறை இல்லாமல் இல்லை. மூன்றாம் புத்தகத்தின் ரயில் தளம் ஒரே சிக்கல். எந்த வண்டி எந்தத் தடத்தில் போகிறது என்று இரண்டாம் முறை படித்தபோதும் எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் உருவத்தை மாற்றிக்கொள்ளும் காட்யா மெல்லத் தைரியம் பெறுவது அங்கேதான், அதனால் தாண்டிப் போகாதீர்கள். கெட்ட வார்த்தையும் ரத்தமும் தாராளம். சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம்.

2020ல் ஆசிரியர் தானே வெளியிட்ட முதல் புத்தகத்தை 2024ல் ஏஸ் பதிப்பகம் கெட்டி அட்டையில் கொண்டுவந்தது. ஆனாலும் முதல் புத்தகத்தை ஆடியோவில் கேட்கத்தான் சொல்வேன். ஜெஃப் ஹேஸ் ஒருவரே கார்ல், டோனட், அறிவிப்புக் குரல் என்று அத்தனை பேருக்கும் உயிர் கொடுக்கிறார். காதால் கேட்கும்போது பட்டியல்களும் எண்களும் அலுப்புத் தருவதில்லை. மூன்றாவதை மட்டும் கையில் புத்தகத்தோடு படியுங்கள், பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கும். தொடரலாமா வேண்டாமா என்பதை அந்த சர்க்கஸ் பகுதி முடிந்த பிறகு முடிவு செய்யுங்கள்.