தேதி வரிசையா, தலைப்பு வரிசையா?

பத்துப் பன்னிரண்டு வருடங்களாகக் கண்டதையும் எழுதிக் குவித்தவர் அதையெல்லாம் திரும்பப் படிக்க உட்கார்ந்தால், எங்கே தொடங்குவது என்பதுதான் முதல் சிக்கல்.

தலைப்பு வாரியாகப் படிப்பது வசதி. சினிமா ஒரு பக்கம், பயணம் ஒரு பக்கம்; தேடியது சட்டெனக் கிடைக்கும். ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் லாக் 1686இல் குறிப்பேடுகளுக்கு அகரவரிசை அட்டவணை முறை ஒன்றை வெளியிட்டதும் இந்தத் தேடல் தொல்லை தீரத்தான். ஆனால் எதிலும் அடங்காதவை 'இதர' என்ற மூட்டைக்குள் போய்விடும். சுவாரசியமானவை பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும்.

தேதி வரிசை மெதுவானது. நடுவே அலுப்பும் தட்டும். ஆனாலும் என் ஓட்டு இதற்கே. கணிதப் புதிருக்கு அடுத்த நாள் ஓர் இரங்கல் குறிப்பு, பிறகு மூன்று மாத மௌனம், அப்புறம் திடீரென ஒரு பூனைக் கதை. அந்த மௌனம் எந்தத் தலைப்பின் கீழும் வராது. 1881இல் ஜெர்மனியின் பிரஷ்ய அரசு ஆவணக் காப்பகம், ஆவணங்களைப் பொருள்வாரியாகக் கலைக்காமல் அவை உருவான ஒழுங்கிலேயே வைக்க விதி செய்தது. அக்கம்பக்கத் தாள்கள் இல்லாவிட்டால் ஒரு தாளுக்குப் பாதி அர்த்தம் போய்விடுகிறதே.

அவசரமாக ஒன்றைத் தேடும்போது மட்டும் தலைப்பு போதும். சரி, கூச்சப்பட வைக்கும் அந்த முதல் வருடத்தை என்ன செய்வது? வேகமாகப் புரட்டிவிடலாம்.